இன்சாட்-3டிஎஸ் வந்த பிறகு வானிலைப் படத்தில் என்ன மாறியது?

கேள்வி இதுதான்: "2024 பிப்ரவரியில் இன்சாட்-3டிஎஸ் என்ற வானிலைச் செயற்கைக்கோளை இஸ்ரோ ஏவியது. மேம்பட்ட படக்கருவி இருப்பதாகச் செய்திகளில் படித்தேன். ஆனால் வானிலைத் துறையின் பக்கத்தில் வரும் படம் பழைய மாதிரியேதான் தெரிகிறது. ஜப்பானின் ஹிமாவாரி படமோ வண்ணத்தில், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது. அப்படியானால் இன்சாட்டில் மேம்பட்டது எது? இதனால் நமக்கு மழைக் கணிப்பு துல்லியமாகுமா?"

நேரடிப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கவனித்தது சரி. இன்சாட்-3டிஎஸ் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. கண்ணுக்குத் தெரியும் பாய்ச்சல் 2013-லேயே நடந்துவிட்டது. 2024-ல் மேம்பட்டது, அந்தப் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் இருக்கும் வெப்பநிலை அளவு. வானிலைப் படத்தை நாம் போட்டோவாகப் பார்த்துப் பழகிவிட்டோம். வானிலைக்காரர்களுக்கு அது லட்சக்கணக்கான வெப்பமானி அளவுகளின் அட்டவணை. அந்த எண்கள் நம்பத்தகுந்தவையாக இருந்தால்தான் புயலின் பலம், கடலின் வெப்பம், மழையின் அளவு என்று அடுத்தடுத்த கணக்குகள் நிற்கும்.

முதலில் ஏவுதல். 2024 பிப்ரவரி 17 மாலை 5.35 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டா சதீஷ் தவான் விண்வெளி மையத்திலிருந்து ஜிஎஸ்எல்வி-எஃப்14 ராக்கெட் கிளம்பியது. செயற்கைக்கோளின் எடை 2,274 கிலோ. திட்டத்துக்கான முழுச் செலவும் மத்திய புவி அறிவியல் அமைச்சகத்துடையது. வானிலைத் துறை அந்த அமைச்சகத்தின் கீழ்தான் வருகிறது, அதாவது படத்தைப் பயன்படுத்துகிறவர்களே பணம் கொடுத்துக் கேட்டு வாங்கிய செயற்கைக்கோள் இது.   ராக்கெட் கொண்டுபோய் விட்டது நீள்வட்டப் பாதையில்தான். அங்கிருந்து செயற்கைக்கோள் தன் சொந்த எஞ்சினைப் பல முறை இயக்கி, சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் பூமியோடு சேர்ந்து சுற்றும் புவிநிலைப் பாதைக்கு ஏறியது. மார்ச் 7-ம் தேதி முதல் படங்கள் வந்தன.

உள்ளே இருப்பவை நான்கு. ஆறு அலைவரிசைகளில் (ஒளியின் வெவ்வேறு அலைநீளப் பட்டைகளில்) படமெடுக்கும் இமேஜர், வளிமண்டலத்தை அடுக்கடுக்காக அளக்கும் 19 அலைவரிசை சவுண்டர், தரைக் கருவிகளின் தகவலை வாங்கி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர், ஆபத்து சமிக்ஞைகளை வாங்கி அனுப்பும் இன்னொரு டிரான்ஸ்பாண்டர். இமேஜர், சவுண்டர் இரண்டும் அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் தயாரிப்பு. 2013 ஜூலையில் பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து ஏரியான் ராக்கெட்டில் போன இன்சாட்-3டி, 2016 செப்டம்பர் 8-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன இன்சாட்-3டிஆர், இரண்டிலும் இதே வகைக் கருவிகள்தான் இருந்தன. 3டிஎஸ் அந்தக் குடும்பத்தின் மூன்றாவது பிள்ளை. ஒரே அலைவரிசைகள், ஒரே பிரிதிறன் (படத்தின் ஒரு புள்ளி தரையில் எவ்வளவு இடத்தைக் குறிக்கிறது என்ற அளவு). படம் பழைய மாதிரி தெரிவதற்குக் காரணம் இதுதான்.

2013-ல் நடந்த பாய்ச்சல் என்று சொன்னேனே, அதைச் சென்னையை வைத்துப் பார்க்கலாம். அதற்கு முன் பல ஆண்டுகள் நாம் நம்பியிருந்தது 2002 செப்டம்பரில் போன கல்பனா-1. மெட்சாட் என்ற பெயரில் ஏவப்பட்டு, கொலம்பியா விண்கல விபத்தில் கல்பனா சாவ்லா இறந்த பிறகு அவர் பெயர் சூட்டப்பட்டது. அதில் மூன்றே அலைவரிசைகள். கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரைப் பதிவு செய்யும் அகச்சிவப்புப் படத்தில் ஒரு புள்ளி என்பது 8 கி.மீ.க்கு 8 கி.மீ., அதாவது 64 சதுர கி.மீ. சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கி.மீ. ஆக, மணலியிலிருந்து சோழிங்கநல்லூர் வரை மொத்த மாநகரமும் ஏழு புள்ளிக்குள் அடங்கிவிடும். இன்சாட்-3டி வந்ததும் ஒரு புள்ளி 4 கி.மீ.க்கு 4 கி.மீ. ஆனது. அதே சென்னைக்கு 26, 27 புள்ளிகள் கிடைத்தன. பகலில் எடுக்கும் கண்ணுறு ஒளிப் படத்தில் புள்ளி 2 கி.மீ.யிலிருந்து 1 கி.மீ.க்கு வந்தது. அலைவரிசை மூன்றிலிருந்து ஆறானது.

புதிதாகச் சேர்ந்தவை சாதாரணமானவை அல்ல. 1.6 மைக்ரான் (மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளத்தை ஒட்டிய குறு அகச்சிவப்பில் பனிக்கட்டித் துகள் உள்ள மேகம் இருண்டும், நீர்த்துளி மேகம் வெளிச்சமாகவும் தெரியும். கண்ணுறு படத்தில் இரண்டுமே வெள்ளைதான், பிரிக்க முடியாது. 3.9 மைக்ரான் அலைவரிசையை 10.8 மைக்ரான் அலைவரிசையோடு ஒப்பிட்டால் இரவில் தரையை ஒட்டிக் கிடக்கும் மூடுபனி தனியாகத் தெரியும். டிசம்பர், ஜனவரியில் கங்கைச் சமவெளி முழுவதும் ரயில்களையும் விமானங்களையும் நிறுத்திவைக்கும் பனியின் எல்லையை நள்ளிரவிலேயே வரைய முடிந்தது இதனால்தான். வெப்ப அகச்சிவப்பை 10.8, 12 என்று இரண்டாகப் பிரித்தது இன்னொரு நல்ல காரியம். காற்றிலுள்ள நீராவி 12 மைக்ரானை அதிகம் விழுங்கும், 10.8-ஐக் குறைவாக விழுங்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து நடுவில் எவ்வளவு நீராவி மறைக்கிறது என்று கணக்கிட்டுக் கழித்துவிட்டால், கடல் மேற்பரப்பின் உண்மையான வெப்பநிலை கிடைக்கும். வங்கக்கடலில் புயல் பிறக்கக் கடல் சுமார் 26.5 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. அந்தக் கணக்குக்கு அடிப்படை இந்த இரண்டு அலைவரிசைகள்.

இனி 3டிஎஸ்ஸில் மேம்பட்டதற்கு வருகிறேன். கதிர்வீச்சை அளக்கும் துல்லியம், கரும்பொருள் அளவுத்திருத்தம், கருவியின் வெப்ப மேலாண்மை, படமெடுக்கும் திறன் ஆகியவற்றில் முந்தைய இரண்டைவிட முன்னேற்றம் என்று இஸ்ரோ சொன்னது. செய்திகளில் ஒரே வரியில் கடந்துபோன இந்த விஷயத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

அகச்சிவப்புக் கருவி வெப்பநிலையை நேரடியாக அளப்பதில்லை. மேகத்தின் உச்சியோ கடலோ உமிழும் கதிர்வீச்சு டிடெக்டர் என்ற உணரியில் விழுந்து ஒரு மின்னழுத்தமாக மாறுகிறது. அந்த மின்னழுத்தம் எத்தனை டிகிரி என்று சொல்ல வேண்டுமானால், கருவிக்குத் தெரிந்த இரண்டு பொருள்களை அவ்வப்போது காட்ட வேண்டும். ஒன்று வெற்று விண்வெளி. அது கிட்டத்தட்ட மைனஸ் 270 டிகிரி, கதிர்வீச்சு இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று கருவிக்குள்ளேயே வைத்திருக்கும், வெப்பநிலை தெரிந்த ஒரு கரும்பொருள். தராசில் எடைக்கல்லை வைத்து முள் சரியாக நிற்கிறதா என்று பார்ப்பதைப் போன்றது இது. எடைக்கல்லிலேயே பிழை இருந்தால் அதற்குப் பிறகு எடைபோட்ட எல்லாமே பிழை. கரும்பொருள் அளவுத்திருத்தத்தில் முன்னேற்றம் என்றால் எடைக்கல் செம்மையாகியிருக்கிறது என்று பொருள்.

ஓரிரு டிகிரி பிழையால் என்ன ஆகிவிடப்போகிறது என்று தோன்றலாம். செயற்கைக்கோளிலிருந்து மழையைக் கணக்கிடும் மிக எளிய, பழைய முறை ஒன்று உண்டு. மேகத்தின் உச்சி மைனஸ் 38 டிகிரியைவிடக் குளிர்ந்திருந்தால் அந்தப் புள்ளியில் மணிக்கு 3 மி.மீ. மழை, இல்லையென்றால் மழையில்லை. இப்போதைய முறைகள் இதைவிட நுட்பமானவை, ஆனால் அடித்தளம் மேக உச்சியின் வெப்பநிலைதான். கருவி இரண்டு டிகிரி குளிராகக் காட்டினால், எல்லைக்கு வெளியே இருந்த ஆயிரக்கணக்கான புள்ளிகள் மழைக் கணக்குக்குள் விழுந்துவிடும். புயலிலும் இதே கதைதான். வெர்னன் டுவோராக் 1970-களில் உருவாக்கிய முறையில்தான் இன்றும் கடலில் இருக்கும் புயலின் பலத்தை வானிலைத் துறை மதிப்பிடுகிறது. வங்கக்கடலின் நடுவில் காற்றின் வேகத்தை அளக்க யாரும் போவதில்லை. மேகச் சுருளின் வடிவம், கண் தெரிந்தால் கண்ணின் வெப்பநிலை, அதைச் சுற்றியுள்ள மேக வளையத்தின் குளிர், இவற்றை வைத்து ஒரு 'டி' எண் கொடுக்கிறார்கள். டி-2.5 வந்தால் புயல் என்று அறிவிக்கும் நிலை. கண்ணுக்கும் வளையத்துக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் மாறினால் எண் மாறும். எண் மாறினால் துறைமுகத்தில் ஏற்றும் கூண்டின் எண்ணும் மாறும்.

அடுத்தது வெப்ப மேலாண்மை. அகச்சிவப்பு டிடெக்டர் தானே சூடாக இருந்தால் தன் சூட்டையே பார்க்கும். அதனால் அதை மைனஸ் 150 டிகிரிக்கும் கீழே வைத்திருக்க வேண்டும். இதில் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் கோஸ்-17 உலகமறிந்த உதாரணம். 2018 மார்ச் 1-ல் ஏவப்பட்ட மிக நவீனமான செயற்கைக்கோள், 16 அலைவரிசை இமேஜர். மேலே போன பிறகு, வெப்பத்தை வெளியே கடத்தும் குழாய் அமைப்பு சரியாக வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. டிடெக்டர்கள் தேவையான குளிருக்குப் போகவில்லை. ஆண்டின் சில வாரங்களில், இரவு நேரத்தில் வெயில் கருவிக்குள் விழும் சில மணி நேரங்களுக்கு, பல அகச்சிவப்பு அலைவரிசைகள் பயனற்றுப் போயின. பொறியாளர்கள் மென்பொருளால் எவ்வளவோ சரிக்கட்டினார்கள். ஆனாலும் 2023 ஜனவரியில் கோஸ்-18 அதன் இடத்தை எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

"இரவில் வெயில்" என்று எழுதியதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். செயற்கைக்கோளின் முகம் எப்போதும் பூமியைப் பார்த்தே இருக்கிறது. நமக்கு நள்ளிரவாக இருக்கும்போது, செயற்கைக்கோளிலிருந்து பார்த்தால் சூரியன் பூமிக்குப் பின்னால், பூமியின் விளிம்பை ஒட்டி நிற்கும். அப்போது சூரிய ஒளி நேராகக் கருவியின் வாய்க்குள் புகும். மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டி இது மோசமாக இருக்கும். இப்படிப் பூமியைப் பார்த்தபடியே நிலையாக நிற்கும் எல்லா வானிலைச் செயற்கைக்கோள்களுக்கும் உள்ள தலைவலி இது. இன்சாட்-3டிஎஸ் நிற்பது 82 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில். இந்திய நேரத்துக்கு அடிப்படையான ரேகை 82.5 டிகிரி. ஆகவே அதன் நள்ளிரவும் நம் கடிகாரத்தின் நள்ளிரவும் கிட்டத்தட்ட ஒன்றே. கரையைக் கடக்கப்போகும் புயலை நாம் பதற்றத்தோடு பார்த்துக்கொண்டிருக்கும் அதே நேரத்தில்தான் கருவிக்கும் சோதனை வருகிறது. கரும்பொருளும் வெப்ப மேலாண்மையும் மேம்பட்டதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வது இதனால்தான்.

இனி ஹிமாவாரி. 2014 அக்டோபர் 7-ல் ஹிமாவாரி-8 போனது. 2022 டிசம்பரிலிருந்து அதன் இரட்டையான ஹிமாவாரி-9 வேலையில் இருக்கிறது. 16 அலைவரிசைகள், கண்ணுறு படத்தில் அதிகபட்சப் பிரிதிறன் அரை கி.மீ., அகச்சிவப்பில் 2 கி.மீ., பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பூமியின் முழு வட்டப் படம். காகிதத்தில் நம்முடையதைவிட எல்லா விதத்திலும் மேல். ஆனால் இந்த எண்களெல்லாம் செயற்கைக்கோளுக்கு நேர் கீழே உள்ள இடத்துக்குச் சொல்லப்படுபவை. ஹிமாவாரி நிற்பது 140.7 டிகிரி கிழக்கில், நியூகினியாவுக்கு மேலே. சென்னை 80.3 டிகிரியில். இடையில் 60 டிகிரி. சென்னையில் நின்று ஹிமாவாரியைப் பார்க்க முடிந்தால் அது கிழக்கு அடிவானத்திலிருந்து 21 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். அவ்வளவு சாய்வாகப் பார்க்கும்போது, 2 கி.மீ. புள்ளி கிழக்கு மேற்காகச் சுமார் 6 கி.மீ. நீளத்துக்கு இழுபடுகிறது. கணக்குப் போட்டால் ஒரு புள்ளிக்கு 13, 14 சதுர கி.மீ. இன்சாட்-3டிஎஸ் ஏறக்குறைய நம் தலைக்கு மேல் நிற்பதால் அதன் 4 கி.மீ. புள்ளி அவ்வளவாக இழுபடுவதில்லை, 17 சதுர கி.மீ. அளவில் நிற்கிறது. சென்னையைப் பொறுத்தவரை அகச்சிவப்புப் பிரிதிறனில் இரண்டும் கிட்டத்தட்டப் பக்கத்தில்தான் இருக்கின்றன. தோக்கியோவுக்கு எடுத்த படத்தின் அழகைப் பார்த்துவிட்டு நம் ஊருக்கு அதே அழகை எதிர்பார்க்கக் கூடாது.

இதைவிட முக்கியமானது மேகம் இடம் மாறித் தெரிவது. சாய்வாகப் பார்க்கும்போது உயரமான மேகத்தின் உச்சி, அதற்குப் பின்னால் உள்ள தரையின் மேல் படும். 15 கி.மீ. உயரத்துக்கு வளர்ந்த இடிமேகம் ஒன்று சென்னைக்கு நேர் மேலே இருந்தால், ஹிமாவாரி படத்தில் அது சுமார் 40 கி.மீ. மேற்கே தள்ளி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருப்பதுபோலக் காட்டும். இன்சாட்-3டிஎஸ் படத்தில் அதே பிழை 4 கி.மீ. அளவில், வடக்குப் பக்கமாக. கடலில் இருக்கும் மழைமேகம் கரையேறிவிட்டதாக ஹிமாவாரி படத்தைப் பார்த்து எழுதுகிறவர்களைப் பருவமழைக் காலத்தில் நிறையப் பார்க்கலாம். மாவட்ட அளவில் மேகம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் இன்சாட்டைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்தமானுக்குக் கிழக்கே உருவாகும் சுழற்சியைத் தொடர்ந்து கவனிப்பதற்கு ஹிமாவாரி மிகவும் நல்லது, அதற்கு அதை நானும் பார்க்கிறேன்.

நேரத்தில் மட்டும் நாம் பின்தங்கித்தான் இருக்கிறோம், அதில் மறைக்க ஒன்றுமில்லை. இன்சாட் இமேஜர் கண்ணாடியை அசைத்து அசைத்து, வடக்கிலிருந்து தெற்காகப் பூமியை வரிவரியாகத் துடைத்துப் படம் எடுக்கிறது. ஒரு வீச்சில் பதிவு செய்யும் டிடெக்டர்கள் கொஞ்சம்தான். ஒரு முழுப் படத்துக்கு 26 நிமிடம் பிடிக்கும். ஹிமாவாரி, கோஸ் வரிசையின் புதிய இமேஜர்களில் ஒவ்வொரு அலைவரிசைக்கும் நூற்றுக்கணக்கான டிடெக்டர்கள் வரிசையாக நிற்கின்றன. அகலமான பட்டைகளாகத் துடைப்பதால் இருபத்திச் சொச்சம் வீச்சில் பூமி முடிந்துவிடும். நம் பக்கம் இதற்குச் செய்திருக்கும் ஏற்பாடு, இரண்டு செயற்கைக்கோள்களைக் கால் மணி நேர இடைவெளியில் மாற்றி மாற்றி எடுக்க வைப்பது. 74 டிகிரியில் உள்ள 3டிஆரும் 82 டிகிரியில் உள்ள 3டிஎஸ்ஸும் சேர்ந்து 15 நிமிடத்துக்கு ஒரு படம் தருகின்றன. 3டி வயதாகி ஓய்ந்த நேரத்தில் 3டிஎஸ் போயிருக்காவிட்டால் மறுபடி அரை மணி நேரத்துக்கு ஒரு படம் என்ற காலத்துக்குத் திரும்பியிருப்போம். புயல் நேரத்தில் சிறு பகுதியை மட்டும் நிமிடக் கணக்கில் திரும்பத் திரும்ப எடுக்கும் வசதியும் இருக்கிறது.

ஹிமாவாரி படம் வண்ணத்தில் வருவதையும் சொல்லியிருந்தீர்கள். இயற்கை வண்ணம் வேண்டுமானால் நீலம், பச்சை, சிவப்பு என்று தனித்தனியாக அளக்க வேண்டும். இன்சாட் இமேஜரில் கண்ணுறு ஒளிக்கு ஒரே ஒரு அலைவரிசை, 0.55-லிருந்து 0.75 மைக்ரான் வரை. அதனால் கறுப்பு வெள்ளைதான். வானிலைத் துறை வெளியிடும் 'டே மைக்ரோபிசிக்ஸ்', 'நைட் மைக்ரோபிசிக்ஸ்' படங்களில் தெரியும் வண்ணங்கள், வெவ்வேறு அலைவரிசைகளைச் சிவப்பு, பச்சை, நீலத்தில் ஏற்றிக் கலந்தவை. பார்க்க விசித்திரமாக இருக்கும், ஆனால் எந்த மேகம் பனிக்கட்டி, எது நீர்த்துளி, எது மூடுபனி என்று பிரித்துச் சொல்வதில் இயற்கை வண்ணப் படத்தைவிட அவை பயனுள்ளவை.

சவுண்டரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, ஏனென்றால் அது அழகான படம் எதுவும் தருவதில்லை. 18 அகச்சிவப்பு அலைவரிசையும் ஒரு கண்ணுறு அலைவரிசையும் கொண்டு, வளிமண்டலத்தில் எந்த உயரத்தில் எவ்வளவு வெப்பம், எவ்வளவு ஈரம் என்று அடுக்கடுக்காக அளக்கிறது. மேகமில்லாத இடத்தில்தான் தரை வரை முழு அளவும் கிடைக்கும். தரையிலிருந்து பலூன் விட்டு இதே அளவுகளை எடுப்பது வழக்கம், ஆனால் அதிகாலை ஐந்தரை, மாலை ஐந்தரை என்று நாளுக்கு இரண்டு முறை, சில ஊர்களில் மட்டும். கடலுக்கு நடுவே பலூன் விட ஆளில்லை. அந்த வெற்றிடத்தைச் சவுண்டர் நிரப்புகிறது.

சரி, மழைக் கணிப்பு துல்லியமாகுமா? உதவும், ஆனால் நீங்கள் நினைக்கும் வழியில் அல்ல. படத்தைப் பார்த்து ஒருவர் "நாளை மழை" என்று சொல்லும் காலம் போய்விட்டது. படத்திலிருந்து எடுக்கும் எண்கள் நொய்டாவில் உள்ள தேசிய நடுத்தர கால வானிலைக் கணிப்பு மையம் போன்ற இடங்களில் ஓடும் கணினி மாதிரிகளுக்குள் போகின்றன. உதாரணமாகக் காற்று. அடுத்தடுத்த மூன்று படங்களில் ஒரே மேகத் துணுக்கைக் கண்டுபிடித்து, அது எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று பார்த்தால் அந்த உயரத்தில் காற்றின் திசையும் வேகமும் கிடைக்கும். நீராவிப் படத்தில் மேகமே இல்லாத இடத்திலும் ஈரத்தின் நகர்வை வைத்து இதைச் செய்யலாம். இங்கே ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரே ஒரு புள்ளி, அதாவது 4 கி.மீ., தவறிப் பொருந்தினால் அரை மணி நேரத்தில் மணிக்கு 8 கி.மீ. வேகப் பிழை வந்துவிடும். புயலை எந்தப் பக்கம் தள்ளும் என்று தீர்மானிக்கும் காற்றில் இந்த அளவு பிழை சின்னதல்ல. கருவி நிலையாக இருப்பது, படங்கள் ஒன்றோடொன்று அச்சாகப் பொருந்துவது ஆகியவை நம் கண்ணுக்குத் தெரியாமல் கணிப்பில் வேலை செய்வது இப்படித்தான்.

ஆனால் "என் தெருவில் இன்னும் ஒரு மணி நேரத்தில் மழை வருமா" என்ற கேள்விக்குச் செயற்கைக்கோள் பதில் சொல்லாது. அது பார்ப்பது மேகத்தின் தலையை. அடியில் என்ன விழுகிறது என்று பார்ப்பது ராடார். வடகிழக்குப் பருவமழையில் அதிகம் உயராத மேகங்கள்கூடக் கடலோரத்தில் கொட்டித் தீர்த்துவிடும். உச்சி அவ்வளவு குளிராக இல்லாததால் செயற்கைக்கோள் மழைக் கணக்கு அவற்றைக் குறைத்தே மதிப்பிடும். எதிர்ப்பக்கமும் உண்டு: இடிமேகத்தின் மேலிருந்து பரவிக் கிடக்கும் மெல்லிய பனிக்கட்டி மேகம் படத்தில் கருஞ்சிவப்பாக மிரட்டும், கீழே தூறல்கூட இருக்காது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் கிட்டத்தட்ட நகராமல் மணிக்கணக்கில் அங்கேயே நின்றது. அது நின்றுவிட்டது என்பதைப் படத்தொடரில் பார்க்கலாம். விழுப்புரத்தில் எந்த ஒன்றியத்தில் கொட்டுகிறது என்பதைச் சென்னை, காரைக்கால் ராடார்களில்தான் பார்க்க முடியும்.

மீனவர் குடும்பங்களில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு விஷயம். 3டிஎஸ்ஸில் உள்ள ஆபத்து சமிக்ஞை டிரான்ஸ்பாண்டர் 406 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும் அவசரக் கருவிகளின் அழைப்பை வாங்கி, பெங்களூருவில் உள்ள இஸ்ரோவின் தேடல் மீட்புக் கட்டுப்பாட்டு மையத்துக்குத் தெரியும்படி செய்கிறது. கப்பல், விமானங்களில் இருப்பது இந்த வகைக் கருவி. தரைத் தகவல் டிரான்ஸ்பாண்டரோ, ஆள் போக முடியாத இடங்களில் உள்ள தானியங்கி வானிலை நிலையங்கள், மழைமானிகள், கடல் மிதவைகள் அனுப்பும் அளவுகளைச் சேர்த்து அனுப்புகிறது. படக்கருவிக்கு இணையாகவே இவற்றையும் மதிக்க வேண்டும்.

படத்தைத் தொடர்ந்து பார்க்க நினைத்தால் சில நடைமுறைக் குறிப்புகள். வானிலைத் துறையின் செயற்கைக்கோள் பக்கத்திலும், பெரிதாக்கிப் பார்க்கும் வசதியுள்ள 'ராபிட்' என்ற அதன் தளத்திலும் படங்கள் இலவசமாகக் கிடைக்கும். மூல எண்களே வேண்டுமானால் அகமதாபாத்தின் 'மோஸ்டாக்' தளத்தில் பதிவு செய்து இறக்கிக்கொள்ளலாம். மாணவர்கள் இதைப் பயன்படுத்த வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன். சூரியன் மறைந்த பிறகு கண்ணுறு படம் இருண்டுவிடும், அப்போது 10.8 மைக்ரான் வெப்ப அகச்சிவப்புக்கு மாறுங்கள். நீராவிப் படத்தில் தரை தெரியாது. அது நடு, மேல் வளிமண்டலத்தின் ஈரத்தை மட்டும் காட்டும், புயலுக்குள் வறண்ட காற்று நுழைகிறதா என்று பார்க்க அதுதான் சரியானது. ஒரு படத்தை வைத்து முடிவுக்கு வராமல் ஐந்தாறு மணி நேரத் தொடரை ஓடவிட்டுப் பாருங்கள். படத்தில் அச்சிட்டிருக்கும் நேரம் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரம், இந்திய நேரம் வேண்டுமானால் அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். அந்த நேரம் துடைப்பு தொடங்கிய நேரம் என்றால், வடக்கிலிருந்து ஆரம்பித்துத் தமிழ்நாட்டுக்கு வந்து சேரச் சுமார் பத்து நிமிடம் ஆகியிருக்கும். ராடார் படத்தோடு ஒப்பிடும்போது அந்தப் பத்து நிமிடத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.